வலப்பக்கத்து வீடு

அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது.

'நீலசந்திராவில் நலிந்த பிரிவினரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் பகல் நேரத்திலேயே சிகிச்சை பெறுகிறார்கள். மாலை நேர மருத்துவமனைக்கான தேவை அங்கே குறைவு. அதை வேறு இடத்துக்கு மாற்றலாம்.'

யசோதா இரண்டு முறை படித்தாள். முந்தின சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்த மருத்துவமனை வாசலைக் கடந்துதான் அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். வரிசை தெருமுனை வரை நின்றது.

பெங்களூர் தொம்மலூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். ஏழைகளுக்கென்று திறந்த இலவச மருத்துவமனைகள் ஏழைகளுக்குப் பயன்படுகின்றனவா என்பதுதான் இந்த முறை ஆய்வு. வெள்ளிக்கிழமை திட்டக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் கள ஆய்வாளர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் திங்கள்கிழமை காலை அறிக்கை அவள் மேசைக்கு வந்தது.

கையெழுத்துப் போடாமல் அதை ஹரிஷ்குமாரிடம் எடுத்துப் போனாள். அவன் குழுத் தலைவன். ஈரோட்டுக்காரன், பெங்களூர் வந்து மூன்று வருடம்.

"சார், பூட்டி இருந்த வீடெல்லாம் இதுல எங்க?"

"எந்த வீடுங்க?"

"நீலசந்திராவுல தொண்ணூத்தாறு வீடு. அதுல நாப்பத்தொண்ணு பூட்டி இருந்திச்சு. நான்தான் டேப்லெட்ல போட்டேன்."

"மாத்து வீடு எடுத்தீங்கல்ல?"

"எடுத்தேன்."

"அப்ப தொண்ணூத்தாறும் வந்துருச்சுங்க." எட்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். 'பதில் கிடைத்த வீடுகள்: நூறு சதவீதம்.'

விதி அப்படித்தான். பயிற்சிப் புத்தகத்தில் கறுப்பு எழுத்தில் இருந்தது. வீடு பூட்டியிருந்தால் 'பூட்டு' என்ற பட்டனை அழுத்து. வலப்பக்கத்து வீட்டுக்குப் போ. மறுபடி வர வேண்டாம். பன்னிரண்டு நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, அவள் விதிப்படி நடந்தாள். அந்தத் தெருக்கள் வரைபடத்தில் நலிந்த பகுதி என்று நிறம் தீட்டப்பட்டவை. அதனால் அங்கே எந்தக் கதவைத் திறந்து யார் பதில் சொன்னாலும் நலிந்தவர்தான்.

"அந்த நாப்பத்தொரு வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரியுமா சார்?"

"எப்படிங்க தெரியும்? பூட்டியிருந்துச்சு."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள் யசோதா.

"தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமேங்க."

பயிற்சியின்போது நல்ல ஆய்வாளர் என்று அவள் பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு வீடு. ஒரு விதியும் பிசகாமல்.

"மறுபடி போய்ட்டு வரேன் சார்."

"களப்பணி முடிஞ்சிருச்சுங்க. நான் அனுப்ப முடியாது." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "லீவ் போட்டுட்டு நீங்களா போனா நான் என்ன சொல்லப் போறேன்?"

அவள் மூன்று நாள் லீவ் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் பிற்பகல் இரண்டரைக்கு முதல் வீடு. அவள் வீட்டுச் சந்திலேயே நான்காவது. ரத்தினம்மாள் ரோடு பெருக்குகிறவள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து இடது காலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கவருக்குள் கட்டு. சர்க்கரை நோய்ப் புண், ஐந்து மாதமாக. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலை மருத்துவமனையில் கட்டு மாற்றினார்கள். புண் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"இன்னாடி, புஸ்தகத்தோட வந்துக்கிறே? எவனுக்கு ஓட்டு?"

"சர்வேக்கா. சாயங்கால ஆஸ்பத்திரியை எடுக்கப் போறாங்க."

"எங்க எடுக்கறாங்க?"

"எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம். அங்க அபார்ட்மெண்ட்டுக்காரங்க கம்ப்யூட்டர்ல மனு போட்டிருக்காங்க. இங்க யாரும் சாயங்காலம் வர்றது இல்லைன்னு எழுதிட்டாங்க."

"எவன் எழுதினான்?"

"நாங்கதான்."

ரத்தினம்மாள் கவரை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"என் வீட்டுக்கு வந்தியா?"

"வந்தேன்."

"எப்போ?"

"பத்தே முக்காலுக்கு. பூட்டி இருந்திச்சு."

"ஏண்டி, இதே சந்துல பொறந்தவ நீ. பத்தே முக்காலுக்கு நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்க்கா."

"உங்கம்மா எத்தினி வருஷம் தொடப்பம் புடிச்சா?"

"இருவத்திரெண்டு."

"அவ வீடு பத்தே முக்காலுக்கு தெறந்து இருந்துச்சா?"

யசோதா கையிலிருந்த நோட்டைத் திறந்தாள்.

"பூட்டைப் பார்த்தே. அப்புறம் இன்னா பண்ணே?"

"பக்கத்து வீட்டுல கேட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது."

ரத்தினம்மாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது பக்கம் மூன்று மாடி வீடு. வீட்டுக்காரர் ரங்கநாதன். பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தில் ஏழு வீடு அவருடையது. ரத்தினம்மாள் இருந்த அறையும்.

"ஓனரா?" அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கச் சற்று நேரமானது. "என் காலுக்கு அவரு பதில் சொன்னாரா? எப்படி இருக்குதாம்?"

"யக்கா..."

"காபி குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"சக்கரை போட்டா?"

"போட்டு."

"குடி. சக்கரை எனக்கு, காபி உனக்கு."

உள்ளே கை நீட்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காரு. கேளு இப்போ. ஒண்ணு விடாம கேளு."

யசோதா கேட்டாள். அதே கட்டடத்தில் பகலில் நடக்கிற ஆஸ்பத்திரிக்கு ஏன் போவதில்லை?

"காலையில ஆறுக்கு ஹாஜரி. மெஷின்ல மூஞ்சியைக் காட்டணும். பத்தரைக்கு மறுபடி. ரெண்டு மணிக்கு இன்னொரு தரம். நடுவுல ஒண்ணு தப்பிச்சுன்னா அந்த நாள் பாதி போச்சு. ஆஸ்பத்திரியில எட்டரைக்கு டோக்கன். அறுவது பேருக்குத்தான். நான் ரோட்டை வுட்டுட்டுப் போய் நின்னா, என் நம்பர் வர்றதுக்குள்ள பத்தரை தாண்டிடும். மத்தியானம் போனா கொழந்தைக்கு ஊசி மட்டும்தான்னு வெளியவே நிறுத்துவான். எழுதிக்கினியா?"

"எழுதிட்டேன்."

"எத்தினி வீடு பாக்கி?"

"நாப்பது."

ரத்தினம்மாள் கவரை மறுபடி காலில் கட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்குக்கா? கால் இப்படி இருக்கறப்போ."

"நீ தட்டினா தொறப்பாங்களா? உன்னைப் பார்த்தா லோன் கம்பெனி மாதிரி கீறே."

மூன்று பிற்பகல் இரண்டு பேரும் நடந்தார்கள். ரத்தினம்மாள் கதவைத் தட்டுகிற விதம் வேறு. கையால் ஒரு தட்டு, வாயால் ஒரு கத்தல். "ஏ, தூங்கினது போதும். ஆஸ்பத்திரிய தூக்கினு போறானுங்க, எழுந்து வா." ரோடு பெருக்குகிறவர்கள் இரண்டேகாலுக்குப் பிறகு வந்தார்கள். ஐ.டி. கம்பெனிகளில் தரை துடைக்கிறவர்கள் நாலரைக்குக் கம்பெனி வண்டியில் வந்து இறங்கினார்கள். கட்டட வேலைக்காரர்கள் ஆறு மணிக்கு. ஒருத்திக்கு மூன்று மாதமாக இருமல். ஒருத்தர் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாள் வைத்துக்கொள்கிறார். நாற்பத்தொன்றில் முப்பத்தேழு வீட்டைப் பிடித்தார்கள். அதில் முப்பத்தைந்து வீடு பகலில் ஒரு தரம்கூட அந்த மருத்துவமனையைப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கமிட்டி. அலுவலகத்தின் மேல்மாடிக் கூடத்தில். ரத்தினம்மாள் வருகிறேன் என்றாள். பதினோரு மணி என்றதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

பத்தே காலுக்கு யசோதா தாள்களை டாக்டர் வீணாவிடம் கொடுத்தாள். ஆய்வின் தலைவர் அவர். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். வேகமாகவும் கவனமாகவும் படிப்பவர். பிறகு கன்னடத்தில் பேசினார்.

"நல்ல வேலை யசோதா. ஆனால் இதைச் சேர்க்க முடியாது."

"ஏன் மேடம்?"

"களப்பணி முடிந்த பிறகு நீங்கள் தனியாகப் போயிருக்கிறீர்கள். உங்கள் சொந்தத் தெரு. கூட ஒரு நோயாளியே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். இதை நடுநிலை என்று யார் ஏற்பார்கள்?"

"பத்தே முக்காலுக்குத் தட்டினது நடுநிலையா மேடம்?"

வீணா அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தை.

"ஓர் அடிக்குறிப்பு போடுகிறேன். வேலைக்குப் போகும் சில குடும்பங்கள் விடுபட்டிருக்கலாம் என்று."

"சில இல்லை மேடம். நாற்பத்தொண்ணு."

"அடிக்குறிப்பு போதும் யசோதா. இந்த அறிக்கை இரண்டு மாதம் தாமதம்."

கூடத்தில் கமிட்டிக்காரர்கள் எட்டு பேர். ஒரு நாற்காலியில் 'மக்கள் பிரதிநிதி' என்று அட்டை. அதில் ரங்கநாதன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. பின்வரிசையில் யசோதாவைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று பதினோரு மணிக்கு நீலசந்திராவிலிருந்து வர முடிந்தவர் அவர்தான்.

வீணா அறிக்கையை விளக்கினார். திரையில் பச்சைக் கட்டங்கள். கமிட்டித் தலைவர், மக்கள் தரப்பு என்ன நினைக்கிறது என்று கேட்டார்.

"பகல்ல ஒரு தொந்தரவும் இல்லை சார்," என்றார் ரங்கநாதன். "எட்டரைக்கு டோக்கன் வாங்கிட்டு வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிட்டுப் போவேன். பத்தேகாலுக்குத் திரும்பிடுவேன். டாக்டரம்மா நல்லாப் பேசறாங்க."

"மாலை நேரம்?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் போனதில்லை. கேட் பக்கத்துல கூட்டம் நிக்கும், பார்த்திருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை.

யசோதா எழுந்தாள். "சார், அந்தக் கூட்டத்தை யாரும் கேட்கல. நாப்பத்தொரு வீடு..."

"கேள்விகள் கடைசியில்," என்றார் தலைவர்.

கடைசியில் நேரமில்லை. பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு வந்துவிட்டது. மாத முடிவில் மாலை மருத்துவமனையை மாற்றுவதாக முடிவாயிற்று. எல்லோரும் எழுந்து நாற்காலிகளைப் பின்னால் தள்ளினார்கள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மாலை ஹரிஷ்குமார் அவள் மேசைக்கு வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பரவால்லைங்க. உங்களுக்குப் பதிலா க்ளென் போட்டுட்டாரு."

க்ளென் பக்கத்து மேசைக்காரன். நீலசந்திராவுக்கு ஒரு நாளும் போனதில்லை.

மாத முடிவில் மாலை மருத்துவமனைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். கன்னடத்தில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி. முதல் மூன்று நாள் மாலை ஐந்து மணிக்கு ஆட்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் யாரும் வரவில்லை. ரத்தினம்மாள் மருந்துக் கடையில் பஞ்சும் மஞ்சள் களிம்பும் வாங்கித் தானே கட்டிக்கொண்டாள். யசோதா தினமும் சொன்னாள், ஒரு நாள் பகலில் போகலாம் என்று. "அரை நாளை நீ தர்றியா?" என்றாள் ரத்தினம்மாள். யசோதா தருகிறேன் என்றாள். அதற்கும் வசவுதான் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தினம்மாளே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ரிப்போட்டுல இன்னா எழுதி இருக்குது? சரியா சொல்லு."

யசோதா மனப்பாடமாகச் சொன்னாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் பகலில் போகிறார்கள்.

"நாமதான் போறோம்னு?"

"ஆமா."

"பெரிய படிப்புப் படிச்சவங்க எழுதினது. பொய்யாப் போவலாமா?" சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் போறோம். எல்லாரும். நீ அந்த முப்பத்தேழு வீட்டுக்கும் சொல்லு. இந்தத் தரம் கூட வந்து கதவு தட்ட என்னால முடியாது. கால் ஊன முடியல."

யசோதா ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை. எல்லாக் கதவும் திறந்தன. நாலு பேர் முடியாது என்றார்கள். இரண்டு பேர் பார்க்கலாம் என்று சொல்லி உள்ளே போனார்கள். மீதி முப்பத்தொரு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவர்கள் பகல் மருத்துவமனை வாசலில் இருந்தார்கள். ரோடு பெருக்குகிறவர்கள் ஆறு மணி ஹாஜரிக்கு முகத்தைக் காட்டிவிட்டு, வேலைக் கோட்டோடு. ஐ.டி. கம்பெனிக்காரிகள் கழுத்தில் அடையாள அட்டையோடு. விளக்குமாறுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். ரத்தினம்மாள் யசோதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

டோக்கன் கொடுக்கிற நாணு ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, ஆஸ்பத்திரியைப் பெருக்க வந்தீங்களா?"

"உன் வாயை முதல்ல பெருக்கணும். அவங்களை அனுப்பு." வழக்கமாக வருகிறவர்களை ரத்தினம்மாள் முன்னால் விட்டாள். கர்ப்பிணிகள், கிழவர்கள், ரங்கநாதன். யாருடைய டோக்கனையும் பிடுங்க அவர்கள் வரவில்லை.

அறுபது முடிந்தது. நாணு ஜன்னலைச் சாத்தப் போனான். ரத்தினம்மாள் ஜன்னல் கட்டையில் கையை வைத்தாள்.

"அறுபது ஆயிடுச்சுக்கா."

"நாங்க இன்னும் வாங்கலயே."

"ரூல்சுக்கா. அறுபதுதான்."

"நாங்க காலையிலதான் வர்றோம்னு கவர்மெண்டே எழுதி வெச்சிருக்குது. உனக்குக் காயிதம் வரலயா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. நாணு உள்ளே போனான்.

டாக்டர் சௌம்யா வெளியே வந்தார். இளவயது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் யாருடைய சீட்டோ. "என்ன இது? எனக்கு இரண்டு கைதான் இருக்கு. நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் வருவோம்," என்றாள் ரத்தினம்மாள். "நாளான்னைக்கும் வருவோம்."

டாக்டரின் பார்வை அவள் காலுக்குப் போனது. கட்டு மஞ்சளாகியிருந்தது. வாசனை அங்கே வரை வந்தது.

"இவங்களை உள்ளே கூட்டிட்டு வா," என்றார் நாணுவிடம். "முதல்ல."

யசோதாவும் உள்ளே போனாள். நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். சுண்டு விரல் கறுத்திருந்தது. அடுத்த விரலின் அடியிலும் கறுப்பு. யசோதா சுவரைப் பார்த்தாள்.

"இங்க பாரு," என்றாள் ரத்தினம்மாள். "அங்க இன்னா இருக்குது?"

யசோதா பார்த்தாள்.

"எத்தனை நாளா டிரெஸ்ஸிங் மாத்தலை?" டாக்டர் கேட்டார்.

"பதினாறு நாளு. நானே கட்டினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"சாயங்காலம் இங்கயே மாத்துவாங்க. பாதி ஆறியிருந்துச்சு. சீட்டு இருக்குது, பாரு."

டாக்டர் சீட்டை வாங்கித் தேதிகளைப் படித்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து மாதம், ஒரே கையெழுத்து. பிறகு வெற்றுக் கட்டங்கள்.

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு விரல் போயிடும். தாமதிச்சா கால்."

ரத்தினம்மாள் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

டாக்டர் செல்போனில் மேலதிகாரியைக் கூப்பிட்டபடி நடைக்குப் போனார். கன்னடத்தில் பேசினார். கதவு திறந்திருந்தது. "ரிப்போர்ட்டில் இருக்கலாம் சார். என் வாசலில் முப்பது பேர் இருக்கிறார்கள்... இல்லை, கலைக்க மாட்டேன். அவர்கள் நோயாளிகள்... மாலை டாக்டரை நீங்கள் திருப்பி அனுப்புகிற வரை நான் தினமும் இதே நேரத்துக்கு உங்களுக்குப் போன் செய்வேன். செய்யட்டுமா?"

திரும்பி வந்து நாணுவிடம் சொன்னார். "வெள்ளைத் தாள் எடு. அறுபத்தொண்ணுலேர்ந்து எழுது."

"யக்கா, ஆட்டோ கூப்பிடறேன்," என்றாள் யசோதா. "இப்பவே போயிடலாம்."

"கூப்புடு. வர்ற வரைக்கும் வெளிய உக்காந்திருக்கேன்."

புதுக் கட்டோடு நொண்டி வந்து திண்ணையில்லாத அந்த வாசலில் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நடந்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை.

"யாரும் எழுந்துக்காதீங்க," என்றாள்.

பத்து முப்பத்தைந்துக்கு முதல் போன் அடித்தது. இரண்டாவது ஹாஜரிக்கு ஆள் வரவில்லை என்று மேஸ்திரி கூப்பிடுகிறான். அந்தப் பெண் பெயரைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து இன்னொருத்தியுடையது. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, வெறும் மணி. யசோதாவின் பையிலும் அடித்தது. ஹரிஷ்குமார். அவளும் எடுக்கவில்லை.

"அறுபத்திரெண்டு," என்று நாணு கத்தினான். சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி கத்தினான். மூன்று மாத இருமல்காரி எழுந்து உள்ளே போனாள்.